நாற்பத்தோராவது தட்டு

மேடத்தின் பென்சில் முனை மூன்றாவது தடவையாக உடைந்தது.

"நிறுத்து," என்றார்.

ரேடியோ லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வாய் ஓயாதவன் என்பதால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கீழ்க்கடை ஜெராக்ஸ்காரர் வைத்தது. மேடம் அதையே விசிட்டிங் கார்டிலும் அச்சடித்துவிட்டார்.

மேடம் இருபத்திரண்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் விபத்துகளை விசாரித்தவர். ஓய்வு பெற்ற பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போட்டு, 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டியவர். இசை விஷயத்தில் அவருக்கு ராகமும் ஒன்றுதான், ரம்பமும் ஒன்றுதான். அன்றைக்கு அதில் தப்பும் இல்லை. ஸ்பீக்கரில் அதுவரை ஓடியது கிட்டத்தட்ட ரம்பம்தான்.

"இதுக்குப் பேர் பாட்டா?"

"இண்டஸ்ட்ரியல் மியூசிக் மேடம். மெஷின் சத்தத்தையே வாத்தியமா வெச்சு அடிப்பாங்க."

"எதிர் வீட்ல ஜன்னலுக்குக் கிரில் அறுத்தப்போ போலீஸைக் கூப்பிடணும்னு குதிச்சியே, அது?"

"அது சத்தம் மேடம். இது ஆல்பம்."

வழக்கமாக இப்படி ஒன்று சொன்னால் ரேடியோவே முதலில் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்தே அவன் சரியில்லை. அந்த 'துணிக்கடை அக்கா' வந்துபோனதிலிருந்து.

அவள் ஒரு பெரிய துணிக்கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்குகிறவள். கணவர் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தவர். அவளுடைய தம்பி அதே பிரஸ்ஸில் ஹெல்பர். ஆபரேட்டர் முன்பக்கம் நிற்பார். தம்பி பின்பக்கம் நின்று, அச்சில் சிக்கிய தகட்டுத் துண்டைக் கையால் எடுத்துப் போடுவான். நடுவில் ஆள் உயரத்துக்கு இரும்பு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஆபரேட்டர் ஸ்பானரால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவார்: இறக்கட்டுமா? தம்பி ஒரு தட்டு திருப்பித் தட்டுவான்: கையை எடுத்துட்டேன். அப்புறம்தான் லீவர் இறங்கும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மதியம் லீவர் இறங்கியபோது தம்பியின் வலது கை உள்ளே இருந்தது.

பதில் தட்டு கேட்டது என்று ஆபரேட்டர் விசாரணையில் சத்தியம் செய்தார். நான் தட்டவே இல்லை என்று தம்பி கட்டுப்போட்ட கையோடு சத்தியம் செய்தான். கையைப் பறிகொடுத்தவன் பேச்சுத்தான் எடுபட்டது. ஆபரேட்டரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து கீழ் போர்ஷனில் கணவர், மாடி போர்ஷனில் தம்பி, பேச்சுவார்த்தை கிடையாது. அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் ஏறி இறங்கினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பி வேறு ஊருக்குக் குடிபோகிறான். போனால் திரும்பி வருகிற ஆள் இல்லை.

"ஒண்ணு என் வீட்டுக்காரர் பொய் சொல்றார், இல்ல என் கூடப் பொறந்தவன் பொய் சொல்றான்," என்று அவள் திங்கட்கிழமை அந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருந்தாள். "யாருன்னு தெரியாமலே மூணு வருஷமா ரெண்டு பேருக்கும் சோறு போட்டுட்டு இருக்கேன் மேடம். எனக்கே வெக்கமா இருக்கு."

போன வாரம் அவளுடைய துணிக்கடையில் இந்த ஆல்பத்தைப் போட்டிருக்கிறார்கள். மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த துணி அப்படியே விழுந்துவிட்டது. இரண்டு தட்டு, ஒரு தட்டு. பேச்சு நின்றுபோவதற்கு முன் வீட்டு மாடிப்படிக் கம்பியிலும் கணவரும் தம்பியும் தினம் காலையில் அதே மாதிரிதான் தட்டிக்கொள்வார்கள், வேலைக்குக் கிளம்பலாமா என்று. அந்தக் கைகளை அவளுக்குத் தெரியாதா?

ஆல்பத்தின் பெயர் 'இரண்டாம் ஷிஃப்ட்'. அதற்கு இசையமைத்தவனுக்குப் பட்டப்பெயர் துரு. விபத்துக்கு முந்தைய இரண்டு வாரம் அந்தத் தொழிற்சாலையில் மைக்கும் கையுமாகத் திரிந்தவன். ஆல்பம் சக்கைப்போடு போட்டது. அட்டைப் படத்தைப் பையன்கள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள், பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின.

அப்படிக் கொண்டாடிய பத்திரிகைகளில் ஒன்றில் 'கூர்செவி' என்ற பெயரில் எழுதியது ரேடியோ.

இதை அவன் மேடத்திடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. வியாழக்கிழமை ஆன பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்று ஊரே சொல்கிற ஆள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தவனாக இருந்தான்.

"இங்க வா," என்றார் மேடம். "எனக்குத் தாளம் தெரியாது. ஆனா கட்டம் போடத் தெரியும்."

மேசையில் ஒரு கட்டத்தாள். நாலாவது பாட்டை மூன்று தடவை ஓடவிட்டுப் போட்ட புள்ளிகள் அதில் வரிசையாக இருந்தன.

"பின்னாடி ஒண்ணு டப்பு டப்புன்னு ஒரே சீரா அடிக்குதே, அது என்ன?"

"கம்ப்ரஸர் மேடம்."

"அதைக் குத்துக்கோடா போட்டிருக்கேன். ஆபரேட்டர் தட்டற ரெண்டு தட்டு நீலம். பதில் தட்டு சிவப்பு. சிவப்பை மட்டும் பார்."

ரேடியோ பார்த்தான். சிவப்புப் புள்ளிகள் கன்னாபின்னாவென்று சிதறிக் கிடந்தன. ஒன்று கோட்டுக்கு முன்னால், ஒன்று ரொம்பப் பின்னால், ஒன்று இரண்டு கோட்டுக்கு நட்டநடுவில்.

"நாப்பது தடவை பதில் வருது. ஒண்ணாவது கோட்டு மேல விழுதா? விழாது. ஏன்னா அவன் தாளத்துக்குத் தட்டல. துண்டு ஈஸியா வந்தா சீக்கிரம் தட்டறான், சிக்கிக்கிட்டா லேட்டாத் தட்டறான். கை வெளிய வந்தப்புறம் தட்டறான், அவ்வளவுதான். இப்ப கடைசியைப் பார். நாப்பத்தோராவது."

கடைசிச் சிவப்புப் புள்ளி குத்துக்கோட்டின் தலையில் ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தது.

"உள்ள கை விட்டு வேலை செய்யறவனுக்கு இது தோணாது," என்றார் மேடம். "சும்மா உக்காந்து தாளம் போட்டுட்டு இருந்தவனுக்குத்தான் தோணும். ஆபரேட்டருக்குப் பதில் கேட்டது நிஜம். தம்பி தட்டலைங்கறதும் நிஜம். அங்க மூணாவதா ஒரு கை இருந்திருக்கு."

ரேடியோ எழுதிய வரி, எழுத்துக்கு எழுத்து, அவன் மண்டைக்குள் ஓடியது. 'நாற்பது முறை தாளம் தப்பித் தடுமாறுகிறது பதில் தட்டு, பாவம், யாரோ கற்றுக்குட்டி. நாற்பத்தோராவது முறை கம்ப்ரஸரின் துடிப்போடு அது கச்சிதமாகக் கைகோக்கிறது பாருங்கள், அங்கே இயந்திரம் மனிதனாகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.'

மேடம் கட்டம் போட்டுக் கண்டுபிடித்ததை அவன் இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே காதால் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்து, கைதட்டியிருக்கிறான்.

"என்ன, முகத்துல ஈயாடல?"

"ஒண்ணுமில்ல மேடம். காலையில சரியா சாப்பிடல."

"வா, துருவைப் பார்த்துட்டு வந்து சாப்பிடலாம்."

துருவின் ஸ்டூடியோ ஒரு பழைய கிடங்கின் பின்பகுதி. சுவர் முழுக்க முட்டை அட்டைபோலப் பஞ்சுப் பலகைகள், தரையில் சங்கிலி, பல்சக்கரம், நசுங்கிய தகடு, எதிலெல்லாம் சத்தம் வருமோ அதெல்லாம். ஆள் முப்பத்தைந்து வயதிருப்பான், கறுப்புச் சட்டை, தூக்கம் கெட்ட கண். விபத்து விசாரணை என்றதும், மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"நான் அன்னிக்கு மதியமே கிளம்பிட்டேன் மேடம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி. அப்பவே சொல்லிட்டேனே."

"விசாரணைத் தாள்ல அப்படித்தான் இருக்கு," என்றார் மேடம். "வெளி ஆள், மதியமே போய்விட்டார், விசாரிக்கத் தேவையில்லைன்னு. அந்தக் கடைசித் தட்டு?"

"அது இங்க ஸ்டூடியோவுல சேர்த்தது. ஒரு முடிவு வேணுமேன்னு."

மேடம் பேசிக்கொண்டே சுவரைப் பார்வையிட ஆரம்பித்தார். ரேடியோவும் பார்த்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பத்திரிகைப் பக்கம் தொங்கியது. மேலே கொட்டை எழுத்தில் 'இந்த ஆண்டின் மிகத் துணிச்சலான மௌனம்'. கீழே 'கூர்செவி'.

நாலு எட்டில் போய் அதன் முன்னால் நின்றுகொண்டான். முதுகு சட்டத்தில் உரசியது. மேடம் இடது பக்கம் நகர்ந்தார், இவனும் இடது பக்கம் நகர்ந்தான். வலது பக்கம் நகர்ந்தார், இவனும் நகர்ந்தான்.

"உனக்கு என்ன ஆச்சு?"

"முதுகு புடிச்சிக்கிச்சு மேடம். சுவர்ல சாஞ்சா நல்லாருக்கு."

மேடம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துருவின் பக்கம் திரும்பினார்.

"உங்க பாட்டுல இருபத்தேழாவது தட்டுக்கப்புறம் தூரத்துல ஒண்ணு ஊளையிடுதே, அது என்னங்க?"

துரு வாயைத் திறப்பதற்குள், பழக்க தோஷத்தில் ரேடியோவின் வாய் முந்திக்கொண்டது. "அது சின்தஸைசர் மேடம். ஒரு பெண் குரல் ஏங்கற மாதிரி..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான். அந்த ஏங்கலும் அவன் கட்டுரையில் இருந்ததுதான்.

"ஏங்கவும் இல்ல, வீங்கவும் இல்ல," என்றார் மேடம். "அது சங்கு. ரெண்டு மணிச் சங்கு, ஷிஃப்ட் மாறுறதுக்கு ஊதறது. நேத்து அந்தத் தொழிற்சாலை வாசல்ல நின்னு காதாரக் கேட்டுட்டு வந்தேன். சார், அவங்க வேலை பார்த்த மூணாம் நம்பர் பிரஸ் எப்பவும் காலை ஷிஃப்டுல மட்டும்தான் ஓடும். அவசர ஆர்டர்னு ரெண்டாம் ஷிஃப்டுக்கும் ஓட்டினது விபத்து நடந்த அந்த ஒரே ஒரு நாள்தான். அந்த பிரஸ் ஓடறப்பவே ரெண்டு மணிச் சங்கும் ஊதுதுன்னா, அது எந்த நாள்? சாப்பாட்டுக்கு முன்னாடி கிளம்பினவர் எப்படி அதைப் பதிவு பண்ணினார்? சங்குக்கப்புறமும் பதினாலு தட்டு இருக்கு." கொஞ்சம் விட்டு, "ஆல்பத்துக்குப் பேரே இரண்டாம் ஷிஃப்ட்டுன்னு வெச்சிருக்கீங்க. ஒளிச்சு வெக்கறவர் அட்டையிலயா எழுதி வெப்பார்?" என்றார்.

துரு ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். மறுப்பான், கத்துவான், வக்கீல் என்பான் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அவனோ யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கியது போல உட்கார்ந்திருந்தான்.

"கம்ப்ரஸர் பின்னாடி உக்காந்திருந்தேன்," என்றான். "ஹெட்போன் போட்டுக்கிட்டு. ரெண்டு மணி நேரமா அந்தத் தட்டையே கேட்டுட்டு இருக்கேன். டக்டக்... டக். எல்லாத் தடவையும் பதில் தப்பா விழுது. எனக்கு அரிக்குது. ஒரே ஒரு தடவை சரியா விழுந்தா எப்படி இருக்கும்னு தோணிச்சு. பக்கத்துல ஒரு ஸ்பானர் கிடந்துச்சு, பிரஸ்ஸோட இரும்பு கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சு."

"அந்தத் தட்டு எதுக்குன்னு தெரியாதா?"

"ஏதோ பழக்கத்துக்குத் தட்டிக்கறாங்கன்னு நெனச்சேன். சத்தியமா. யாரையும் கேக்கல. ரெண்டு வாரம் அவங்க கூடவே இருந்தேன், எல்லா மெஷின் பக்கத்துலயும் மைக் வெச்சேன், எதுக்குத் தட்டறீங்கன்னு ஒரு ஆளைக் கேக்கல." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தட்டின அடுத்த விநாடி தெரிஞ்சு போச்சு. ஓடிட்டேன். மதியமே போயிட்டேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப அதை ஏன் ஆல்பத்துல வெச்சீங்க?"

"நேர்ல போய்ச் சொல்ல வாய் வரல. பாட்டுல வெச்சா யாராவது கேட்டுட்டு வந்து, டேய், இது என்னடான்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். மனசார அப்படித்தான் வெச்சேன். அதுக்கப்புறம் வந்த ஒன்பது விநாடியை மட்டும் என்னால கேக்க முடியல. அதை அழிச்சிட்டேன்."

அந்த ஒன்பது விநாடிதான் இந்த ஆண்டின் மிகத் துணிச்சலான மௌனம். அதற்குள் ஒரு மனிதன் கத்தியிருக்கிறான். ரேடியோ தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியின் சில்லிப்பை அப்போதுதான் உணர்ந்தான்.

"யாரும் கேக்கல," என்றான் துரு. "எல்லாரும் பிரமாதம்னு எழுதினாங்க. ஒருத்தர் மட்டும் கரெக்டா அந்தத் தட்டைப் பிடிச்சிட்டார். நாப்பதும் தப்பு, நாப்பத்தொண்ணு சரின்னு எண்ணி எழுதிட்டார். படிச்சதும் மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். கீழ படிச்சா, மயிர்க்கூச்செறிந்ததுன்னு இருக்கு. இயந்திரம் மனிதனாகிறதுன்னு இருக்கு." சிரிக்க முயன்றான், வரவில்லை. "அன்னிக்கு ராத்திரிதான் மேடம் நல்லாத் தூங்கினேன். இவ்வளவு காது உள்ளவரே அழகுன்னு சொல்லிட்டார், அப்ப அழகுதான்னு. சட்டம் போட்டு மாட்டிக்கிட்டேன். அவரை ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேசணும்."

"பேசுங்களேன்," என்றார் மேடம். "அவர் கட்டுரை மேலயே சாஞ்சுக்கிட்டு நிக்கறார்."

ரேடியோவுக்குக் காதுமடல் வரை எரிந்தது. தரை பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. சட்டத்தை விட்டு விலகி நின்றான், இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"மேடம், எப்ப..."

"திங்கட்கிழமை சாயங்காலமே. ஆல்பத்தைப் பத்தி வந்ததெல்லாம் தேடிப் படிச்சேன். போன மாசம் காணாமப் போன சைக்கிளுக்கு ரிப்போர்ட் எழுதச் சொன்னா, 'அனாதையாக நின்ற பூட்டு'ன்னு எழுதின ஆள் நீ. உன் நடை எனக்குத் தெரியாதா? நீயா வந்து சொல்லுவேன்னு நாலு நாளாக் காத்துட்டு இருந்தேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று ரேடியோவுக்குத் தோன்றியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பினாத்தியிருப்பான். துரு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஒரே வகுப்பில் தோற்ற இரண்டு பேர் பார்த்துக்கொள்வது போல இருந்தது.

"ரெண்டு பேரும் கிளம்புங்க," என்றார் மேடம். "இதை எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்?"

அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. வாசலை ஒட்டி மாடிக்கு ஏறும் இரும்புப் படி. மாடி வராந்தாவில் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கீழே ஒரே அறைதான் கூடமும் படுக்கையும். ஆபரேட்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், வந்தவர்களுக்கு இடம் விடுகிற மாதிரி. கட்டுமஸ்தான ஆள், ஆனால் சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல இருந்தார். அக்கா மாடிக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடித் தம்பியை அழைத்துவந்தாள். அவன் உள்ளே வரவில்லை, வாசல் நிலையோடு நின்றுகொண்டான். முழுக்கைச் சட்டையின் வலது கை மணிக்கட்டோடு மடித்துக் குத்தப்பட்டிருந்தது.

துரு நின்றுகொண்டே சொன்னான். ஸ்டூடியோவில் சொன்னதை அப்படியே, ஒன்றையும் மெழுகாமல், கம்ப்ரஸர், ஸ்பானர், ஓடியது, பொய் சொன்னது, அழித்த ஒன்பது விநாடி. "தொழிற்சாலையிலயும் எழுதிக் குடுக்கறேன், எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்," என்று முடித்தான்.

ஆபரேட்டர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் கேட்டேன்," என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல். "போகப் போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கேக்காததைக் கேட்டேன்னு சொல்லிட்டோமோ, என் தோலைக் காப்பாத்திக்கப் பையன் மேல பழி போட்டோமோன்னு. மூணு வருஷமா நான் கண்ணாடி பார்த்துச் சவரம் பண்ணல."

தம்பியின் முகம் வெறுமையாக இருந்தது. விசாரணையில் இத்தனை பேர் முன்னால் அத்தானைப் பொய்யர் என்றவன் அவன்தான். அவன் திரும்பி, இரும்புப் படி அதிர அதிர மாடிக்கு ஏறிப்போய்விட்டான். மேலே கதவு சாத்தப்பட்டது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் வீண் என்று ரேடியோ நினைத்தான். அப்போதும் அவன் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றான். "இந்தத் தட்டைப் பத்தி ரெண்டு வருஷம் முன்னாடியே பத்திரிகையில எழுதினது நான்தான். எனக்குக் கேட்டுச்சு. நாப்பதும் வேற, கடைசி ஒண்ணு வேறன்னு நல்லாக் கேட்டுச்சு. ஏன்னு யோசிக்கல. அழகா இருக்குன்னு எழுதிட்டேன்."

"எங்க கடை முதலாளி அதைச் சத்தமாப் படிச்சுக் காட்டினார்," என்றாள் அக்கா. திட்டவில்லை. மடித்துக் குவித்த துணி ஒன்றைச் சரிசெய்கிறவள் போல மெதுவாகத்தான் சொன்னாள். "அந்த நாப்பதும் என் தம்பி தட்டினது. ஒவ்வொரு தடவையும் கை நல்லா வெளிய வந்துடுச்சான்னு பார்த்துட்டுத்தான் தட்டியிருக்கான். அதைப் போய்த் தடுமாறுதுன்னு எழுதிட்டீங்களே. கற்றுக்குட்டின்னு எழுதிட்டீங்களே."

ரேடியோவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னான். சொன்னது அவன் காதுக்கே கேட்கவில்லை.

ஆபரேட்டர் எழுந்தார். சமையல் மேடையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரண்டிக் காம்பால் தட்டினார்.

டக் டக்.

இரும்பு மாடிவரைக்கும் அதிர்ந்து அடங்கியது. மேலே சத்தமே இல்லை. துரு சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். ரேடியோவின் பாழாய்ப்போன காது, அவனைக் கேட்காமலே தாளம் எண்ண ஆரம்பித்தது. இங்கே விழவேண்டும். விழவில்லை. சரி, அடுத்ததில். அதிலும் விழவில்லை. தெருவில் ஒரு லாரி போயிற்று. அவன் எண்ணிக்கை தடம் புரண்டு அறுந்துபோனது, திரும்ப ஆரம்பிக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

மேலே கதவு திறந்தது. காலடி படியின் தலைவரைக்கும் வந்து நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், பழக்கமில்லாத இடது கையால், கொஞ்சம் கோணலாக, ஒரே ஒரு தட்டு.

அக்கா மூச்சை விட்டாள். ஆபரேட்டர் கரண்டியைக் கீழே வைக்காமலே மெதுவாக முதல் படியில் கால் வைத்தார்.

தெருவுக்கு வந்து வெகுதூரம் நடந்த பிறகு மேடம் கேட்டார். "என்ன ரேடியோ, ஒண்ணும் பேசக் காணோம்?"

"கேட்டுட்டு இருக்கேன் மேடம்," என்றான் அவன்.